காலிச் சாக்கின் நடை

படம் பதினோரு நிமிஷம் நாற்பது நொடி. அதற்குள் எனக்கு ஓர் அபிப்பிராயம் வந்தாக வேண்டும். விளக்கு எரிந்ததும் முகில் நேராக என்னிடம்தான் வருவான், என் புருஷன், எப்படி இருக்கு என்று கேட்பான், நல்லா இருக்கு என்றால் இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் படத்தை விழாவுக்கு அனுப்புவான், இன்றுதான் கடைசி நாள், நல்லா இல்லை என்றால் அனுப்ப மாட்டான். இரண்டரை வருஷம் ஒற்றை ஆளாக உட்கார்ந்து வரைந்ததை அழித்துவிட்டு வீட்டுக்கு வந்து ரசத்தில் உப்புக் கம்மி என்பான். முன்பு இரண்டு படத்தை அப்படித்தான் அழித்தான், இரண்டுக்கும் காரணம் என் வாய். நான் பொய்யே சொல்லாதவள் இல்லை. அவன் அம்மா செய்து அனுப்பும் அதிரசத்தைப் பற்றிச் சொல்வேன், அவன் புதுச் சட்டையைப் பற்றிச் சொல்வேன், ராத்திரி தூங்கினியா என்று கேட்டால் தூங்கினேன் என்பேன். வரைந்ததைப் பற்றி மட்டும் சொல்ல மாட்டேன். ஓவியக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே இரண்டு பேரும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது, கல்யாணமெல்லாம் பின்னால் வந்தது. ஏழாம் மாதத்தில் என் வயிற்றுக்குள்ளேயே குழந்தை செத்துப்போய், ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் ஃபிளாஸ்க்கோடு திரும்பி வந்தோமே, அதற்கப்புறம் எங்கள் வீட்டில் மிச்சமிருக்கிற ஒரே பேச்சும் இந்த வரைகிற பேச்சுதான். கோடு சரியா, நிறம் சரியா. வேறு எதையும் சரியா என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை. சாலிகிராமத்தில் நாற்பது இருக்கை உள்ள இந்தச் சின்ன பிரிவியூ தியேட்டரில் காலை பதினோரு மணிக்கு எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறோம், ஏசியில் ஈரச் சாக்கு வாடை அடிக்கிறது, முகில் கடைசி வரிசையில் இருக்கிறான். அவன் திரையைப் பார்க்கவில்லை. என் பின்னந்தலையைப் பார்க்கிறான், எனக்குத் தெரியும், என் தலை எந்த இடத்தில் சாய்கிறது எந்த இடத்தில் அலுத்துக்கொள்கிறது என்று குறித்துக்கொண்டிருப்பான், அதனால் கழுத்தை அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

படம் தொடங்கியாகிவிட்டது. விடியற்காலை, ஒரு அரிசி கோடவுன், தகரக் கதவு. "அக்கா, வானத்துக்கு எப்படி கலர் போட்டிருக்கார் பாருங்க" என்கிறாள் பக்கத்தில் பர்வீன், என்னோடு வேலை பார்க்கிற பெண், எதைப் பார்த்தாலும் வாய் பிளப்பவள். நீலத்தில் கொஞ்சம் சேறு கலந்திருக்கிறான், விடிகிற வானத்தில் சேறு உண்டு என்று நான்தான் அவனுக்குச் சொன்னேன், அதை இப்போது சொன்னால் பொறாமை என்பாள். பொறாமைதான். எனக்கு முப்பத்தொன்று முடியப்போகிறது, போன மாசம் ஒரு கண்காட்சியின் துண்டுத்தாளில் என் பெயருக்குக் கீழே 'வளரும் ஓவியர்' என்று போட்டிருந்தார்கள், இனி எங்கே வளர, பக்கவாட்டில்தான். குழந்தைப் பாட்டு வீடியோ செய்கிற இடத்தில் பின்னணி வரைகிறேன், சிரிக்கிற சூரியன், சிரிக்கிற மலை, சிரிக்கிற பஸ். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஆபீஸில் என் காதுபடவே சொல்கிறார்கள், சொல்லட்டும், கூடம் கோணலாகத்தானே இருக்கிறது. எனக்கு எந்த அனிமேஷன் படமும் பிடிப்பதில்லை. வெளிநாட்டுக்காரன் முடியை வரைவதற்கென்றே நூறு பேரை வைத்திருக்கிறான், கரடியின் உடம்பில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகக் காற்றில் ஆடுகிறது, அந்தக் கரடிக்கு எடை மட்டும் கிடையாது, பாறைமேல் நிற்கிறதா பாறைக்கு முன்னால் ஒட்டி வைத்திருக்கிறதா என்று சொல்ல முடியாது. தண்ணீரை வரைந்து காட்டுவான், அடேயப்பா என்று கைதட்டுவார்கள், அதில் குதிக்கிற பிள்ளைக்குக் குளிராது. பெண்ணென்றால் முகத்தில் பாதி கண், இடுப்பு என் மணிக்கட்டு அளவு, குடலை எங்கே வைப்பாள் என்று ஒருத்தனும் யோசித்ததில்லை. நம் ஆட்கள் அதற்கும் மேலே, சாமியைக் குழந்தையாக்கிக் கன்னத்தில் குழி போட்டுக் கழுத்துக்குக் கீழே ஜிம்முக்குப் போகிறவன் தோளை மாட்டிவிடுவார்கள். கிராமம் என்றால் இரண்டு தென்னை, ஒரு மலை, ஒரு கரண்ட் கம்பி கிடையாது, ஒரு சாணி கிடையாது. அழுதால் கண்ணீர் கோலிக்குண்டு அளவில் உருளும், மூக்கு ஒழுகவே ஒழுகாது. அழுதால் முதலில் ஒழுகுவது மூக்குதான், இதைக்கூடப் பார்க்காதவன் பென்சிலை ஏன் எடுக்கிறான்.

சாவையும் அப்படித்தான் வரைகிறார்கள். யாரும் உடம்போடு சாவதில்லை. தாய் யானை செத்தால் பொன்துகளாகி மேலே பறக்கும், பின்னால் புல்லாங்குழல் வாசிப்பான், குட்டி யானை நட்சத்திரத்தைப் பார்த்துச் சிரிக்கும். ரொம்ப வசதி. புதைக்க ஒன்றும் மிஞ்சாது, எந்த வாசலிலும் கையெழுத்துப் போட வேண்டாம், பச்சைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து ஒரு தடவை பாக்குறீங்களாம்மா வேணாமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். முகில் பார்த்தான். பார்த்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கால் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு அழுதான், எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை, இன்றுவரை அந்த முகம் அவனிடம் மட்டும் இருக்கிறது, அதை வரைந்து வைத்திருக்கிறானா என்றுகூட எனக்குத் தெரியாது. வரைந்திருந்தால் காது யாருடைய காது. வேண்டாம். படத்தைப் பார் ஜெசிந்தா, மூன்று நிமிஷம் போய்விட்டது, எதையுமே பார்க்காமல் என்ன அபிப்பிராயம் சொல்லப் போகிறாய்.

கோடவுனுக்குள்ளிருந்து ஒரு சாக்கு மூட்டை வெளியே வருகிறது. கண் இல்லை, வாய் இல்லை, அரிசி நிறைந்த மூட்டை, கீழ்முனை இரண்டும் கால், மேல்முனை இரண்டும் கை. முன்வரிசையில் துரைக்கண்ணு சார் ஹா என்று சிரிக்கிறார். முகிலின் ஸ்டூடியோ முதலாளி, முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவர். அவருக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் இந்தத் தொழிலில் எல்லோரும் முதலில் வரைவது சாக்கு மூட்டையைத்தான். முகம் கிடையாது, வெறும் கனத்தை வைத்தே சந்தோஷப்படுத்து, கோபப்படுத்து, அசதியாக்கு, அது வந்துவிட்டால் மனுஷனும் வந்துவிடுவான் என்பார்கள். அரிச்சுவடியை எடுத்துக் கதை எழுதியிருக்கிறான் என் புருஷன். மோசமில்லை. மூட்டை நடக்கிறது, ஒவ்வொரு அடிக்கும் அரிசி ஒரு பக்கமிருந்து மறு பக்கம் சரிகிறது, அடிவயிறு கொஞ்சம் தாமதமாக வந்து சேர்கிறது, அந்தத் தாமதம்தான் எடை, அதற்குத்தான் பிராணனை விட வேண்டும். விட்டிருக்கிறான். படுபாவி, நன்றாக வரைகிறான். ரோட்டைக் கடக்கும்போது மூட்டை இரண்டு கையையும் வயிற்றுக்கு அடியில் கொடுத்துக்கொள்கிறது, ஒரு சைக்கிள் உரசிக்கொண்டு போனதும் உடம்பைத் திருப்பி வயிற்றை மறைத்துக்கொள்கிறது. பர்வீன் "அய்யோ செல்லம்" என்கிறாள். பஸ் ஸ்டாப்பில் நான் அப்படித்தான் திரும்புவேன், ஐந்தாம் மாதத்திலிருந்து, அதற்கு அவன் கேலி செய்வான், உன் வயித்துல என்ன முட்டையா வெச்சிருக்க என்று. தற்செயலாக இருக்கும். எல்லாப் பிள்ளைத்தாச்சியும் அப்படித்தான் திரும்புகிறாள், எனக்கென்று தனி உரிமையா. மூட்டையின் பின்பக்கம் ஒரு தையல் பிரிகிறது. அது அதற்குத் தெரியவில்லை. நடக்க நடக்க ரோட்டில் அரிசி ஒரு கோடாக விழுந்துகொண்டே வருகிறது, மூட்டை வீடு போய்ச் சேரும்போது காலிச் சாக்கு. தெரியாமலே காலியாகிறது, அதுதான் கதை. எனக்கும் தெரியவில்லை. வயிற்றில் இரண்டு நாள் அசைவில்லை, பிள்ளை தூங்குகிறது என்று நினைத்து நான் பாட்டுக்கு ஆபீஸில் சிரிக்கிற பஸ்ஸுக்குச் சக்கரம் வரைந்துகொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை, கேட்காததே பெரிய மனசு என்று நினைத்திருந்தேன். இதோ எட்டுப் பேர் முன்னால் அரிசி கொட்டிக் காட்டுகிறான்.

இப்போது ஒரு வெள்ளைச் சுவர், நீளமான வராந்தா, சுவரின் பாதி உயரத்தில் ஒரு நீலக் கோடு. காலிச் சாக்கு ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. மூன்று அடி, நிற்கிறது. இரண்டு அடி, நிற்கிறது. கை நீலக் கோட்டின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகிறது. இது தற்செயல் இல்லை. நடக்கணும்மா, நடந்தாத்தான் வயிறு இறங்கும் என்று மறுநாள் காலை நர்ஸ் என்னை எழுப்பிவிட்டாள், வார்டிலிருந்து பாத்ரூம்வரை நாற்பத்தொரு அடி, நான் எண்ணினேன், வரைகிற எங்களுக்கு எதையும் எண்ணாமல் இருக்க வராது, சுவரில் நீலக் கோடு, அதன்மேல் என் கை. அவன் எனக்குப் பின்னால் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் நின்றால் நின்றான், நடந்தால் நடந்தான். கிட்டே வந்து பிடிக்காமல் ஏன் நாலடி தள்ளியே வருகிறான் என்று நினைத்தேன், பயப்படுகிறான், பாவம் என்று நினைத்தேன். பயமெல்லாம் இல்லை. முழு ஆளும் தெரிய நாலடி தூரம் வேண்டும். மூன்று அடி, நிறுத்தம், இரண்டு அடி, நிறுத்தம், நிறுத்தத்துக்கு எத்தனை பிரேம், ஒரு நொடிக்கு இருபத்திநாலு, மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறான். என் குடும்பத்தில் யாரும் இப்படி ஒரு காரியம் செய்ததில்லை. என் அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடித்தார், அப்போதும் அம்மா எப்படி விழுகிறாள் என்று பார்த்து வைத்துக்கொள்ளவில்லை. எழுந்து போய்விடலாமா. இந்த இருட்டில் எழுந்து நின்று இது நான் என்று சொன்னால் என்ன. துரைக்கண்ணு சார் திரும்பிப் பார்த்து உக்காரும்மா மறைக்குது என்பார்.

எதற்கு எழ வேண்டும், நீ என்ன யோக்கியமா ஜெசிந்தா. கட்டில் ஓரத்தில் உன் கால் விரலைப் பிடித்துக்கொண்டு அவன் அழுதபோது நீ என்ன செய்துகொண்டிருந்தாய். கீழுதடு உள்ளே மடங்குகிறது, தாடை முதலில் நடுங்குகிறது, உதடு அப்புறம்தான், இடது புருவம் மட்டும் ஏறுகிறது, இது எந்தப் புத்தகத்திலும் இல்லையே, மறக்கக் கூடாது என்றுதானே பார்த்தாய். செத்த பிள்ளை பக்கத்து அறையில் இருக்கும்போது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவன் குளிக்கப் போன நேரத்தில் அந்த அழுகையைப் பன்னிரண்டு படமாக வரைந்தேன், பால் கட்டி நெஞ்சு கல்லாக வலித்தது, வலியோடு வரைந்தேன், கை நடுங்கவே இல்லை. ஆபீஸில் ஒரு எலி அழ வேண்டியிருந்தது. வடையைத் தொலைத்துவிட்ட எலி. வரைகிற பையன் கோலிக்குண்டுக் கண்ணீர் போட்டுவைத்திருந்தான், தள்ளு என்று சொல்லிவிட்டு நான் போட்டுக் கொடுத்தேன், முகிலின் தாடை, முகிலின் உதடு, முகிலின் இடது புருவம், எலி மூஞ்சியில். நாலு கோடிப் பேர் பார்த்திருக்கிறார்கள் அந்தப் பாட்டை. உலகத்துக் குழந்தையெல்லாம் அதைப் பார்த்துச் சோறு தின்கிறது. கீழ்வீட்டில் தினமும் மத்தியானம் போடுவார்கள், எங்கள் ஜன்னல் வழியாகக் கேட்கும், முகில் ஒருநாள் அவர்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு மேலே வந்து, எலி நல்லா அழுவுது, யார் பண்ணது என்றான். நான்தான் என்றேன். சாப்பிட்டான், கை கழுவினான், அறைக்குள் போய் உட்கார்ந்தான். அன்றைக்குத்தான் இந்தப் படத்தை ஆரம்பித்தான் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. பழி வாங்குகிறானா. இல்லை, அப்படிப்பட்டவன் இல்லை. எலியைப் பார்த்து, அப்படியென்றால் எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது என்று தெரிந்துகொண்டிருக்கிறான். வழி காட்டியவள் நான்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம், துரைக்கண்ணு சார். பர்வீன் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டிருக்கிறாள். சாக்கு நடக்கிறது, முன்பக்கம் குனிந்து, தோள் தொங்கி, காலை இழுத்து இழுத்து, பெரிய பாரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது போல. எனக்கு அழுகை வரவில்லை. ஏன் வரவில்லை, என் நடைதானே, சுவர்கூட அதே சுவர்தானே, சுற்றிலும் எல்லோரும் அழும்போது சம்பந்தப்பட்டவள் ஏன் கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பவும் பார்க்கிறேன். மூன்று அடி, நிறுத்தம். தப்பு. இது தப்பு. காலிச் சாக்குக்கு ஏது பாரம். துக்கம் என்றால் தோளைத் தொங்கப் போடு, தலையைக் குனி, காலை இழு, வாத்தியார் சொல்லிக் கொடுத்த சோகம் இது, என்னுடையது இல்லை. நான் கனமாக நடக்கவில்லை. அன்றைக்குக் காலையில் எனக்குப் பயமாக இருந்ததே அதனால்தான், உடம்பில் எடையே இல்லை, ஃபேன் காற்றில் பறந்துவிடுவேன் போலிருந்தது, அதற்காகத்தான் சுவரைப் பிடித்தேன். முன்னால் குனியவும் இல்லை. ஏழு மாசம் வயிற்றுக்காகப் பின்னால் சாய்ந்து சாய்ந்து பழகிய முதுகு, வயிறு போனது அதற்குத் தெரியவில்லை, அது பாட்டுக்குச் சாய்ந்தே வந்தது, முன்னால் ஒன்றுமில்லாமல் ஒரு முதுகு பின்னால் சாய்ந்தால் எப்படி இருக்கும், ஒவ்வொரு அடிக்கும் மல்லாக்க விழப் போகிறவள் மாதிரி இருக்கும், அதனால்தான் மூன்று அடிக்கு ஒரு தடவை நின்றேன். நாலடி பின்னால் வந்தவனுக்கு அது தெரிந்திருக்காது. என் வாழ்க்கையிலேயே மோசமான நாற்பத்தொரு அடியைத் திருடிக்கொண்டு போனவன் அதைச் சரியாகக்கூடத் திருடவில்லை. திருடினான் என்பதில் வராத கோபம் இதில் வருகிறது, நான் எப்பேர்ப்பட்ட பிறவி என்று எனக்கே தெரியவில்லை.

விளக்கு எரிந்தது. துரைக்கண்ணு சார் எழுந்து கைக்குட்டையால் முகம் முழுக்கத் துடைத்துக்கொண்டு, "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சும்பாங்க, முகிலு, ஆனா இது நெசமாவே பொன் குஞ்சுய்யா, அப்படியே அனுப்பு, ஒரு பிரேம்ல கை வெக்காத" என்றார். பர்வீன் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனாள், மற்றவர்களும் அவள் பின்னால் போனார்கள். முகில் வந்து எனக்கு முன்வரிசை இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நல்லா இருக்கு என்று சொல்ல வாய் திறந்தேன், ஆண்டவர் சாட்சியாகத் திறந்தேன், சொல்லியிருந்தால் படம் அப்படியே போயிருக்கும், எங்கள் இரண்டு பேருக்கும் அதோடு முடிந்திருக்கும்.

"நட தப்பு" என்றேன்.

"எந்த நட?"

"செவுத்தப் பிடிச்சிட்டு நடக்குதே, அது."

மன்னிச்சுக்கோ என்று சொல்வான் என்று பார்த்தேன். அவன் முகம் ஒரு நொடி வெளுத்தது, பிறகு நெற்றியைச் சுருக்கினான், கோட்டில் பிழை சொன்னால் சுருக்குவானே அதே சுருக்கல். "எங்க தப்பு? இடுப்புலயா?"

"காலியா இருக்கிறது முன்னால குனியாது. பின்னால சாயும். சுமந்து பழகின முதுகு, அதுக்கு ஒடனே வெளங்காது."

"அப்படித் தெரியலயே" என்றான், "நான் பின்னாலதான வந்தேன், எனக்கு அப்படித் தெரியலயே."

சொல்லிவிட்டு என்ன சொன்னோம் என்று அவனுக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. அந்த இடத்தில் யாராவது ஒருவர் மற்றவரைத் தொட்டிருக்கலாம். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "மணி பன்னெண்டு ஆகல. நாப்பத்தெட்டுப் படம்தான் மாத்தணும், இப்பவே உக்காந்தா அஞ்சு மணிக்குள்ள முடிச்சிரலாம். ஆனா எனக்கு அந்தச் சாய்வு பிடிபடல ஜெசி. எவ்ளோ சாயும்?"

வரைகிறவர்கள் வீட்டில் இது வழக்கம்தான், எதையாவது வரைய வரவில்லை என்றால் பக்கத்திலிருப்பவரை நடித்துக் காட்டச் சொல்வது, நான் அவனுக்காகக் குரங்காகத் தாவியிருக்கிறேன், அவன் எனக்காகத் தரையில் பாம்பாக ஊர்ந்திருக்கிறான். கைப்பையை இருக்கையில் வைத்தேன். செருப்பைக் கழற்றினேன். கதவுப் பக்கம் போய் நின்று சுவரில் கை வைத்தேன், முதுகு தானாகவே போய்விட்டது, நான் நினைவுபடுத்தவே வேண்டியிருக்கவில்லை, எங்கேயோ காத்துக்கொண்டிருந்தது போல வந்து சாய்ந்துகொண்டது. மூன்று அடி, நின்றேன். இரண்டு அடி. அடிவயிற்றில் ஒரு இடம் இழுத்தது. ஃபேன் இல்லாத அறையில் காற்றடித்தது. சுவர் முடிகிற இடம்வரை போய்த் திரும்பியபோது அவன் போனை உயர்த்திப் பிடித்திருந்தான், கை கொஞ்சம்கூட ஆடவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, துடைத்தால் போன் அசையும் என்று துடைக்காமல் நின்றான்.

"கெடச்சுது" என்றான். பிறகு போனைத் தாழ்த்தி, எடுத்ததைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "பின்னாலேர்ந்து எடுத்துட்டேன், அதே தப்பு. சைடுலேர்ந்து வேணும். இன்னொரு தடவ நடந்திரு ஜெசி" என்றான்.

நான் கதவருகே திரும்பிப் போய், சுவரில் கையை வைத்துக்கொண்டு, ஆரம்பிக்கவா என்று கேட்டேன்.